மாமா கடைக்குப் புதுப் பலகை: தேநீரா, தேனீரா, டீயா?

அடிவாரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் வீட்டில் மூன்று நாளாக ஓடுகிறது. ஏற்காடு அடிவாரத்தில் என் தாய்மாமா முப்பது வருஷமாக டீக்கடை வைத்திருக்கிறார். வளைவு ஏறுவதற்கு முன்னால் வண்டிகள் நின்று மூச்சு வாங்குகிற இடம். போன மழையில் பலகை உளுத்து விழுந்துவிட்டது. அதில் "தேனீர் நிலையம்" என்று இருந்தது. புதுப் பலகை எழுத வந்த பெயின்டரும் அதையே எழுதப் போனார். என் தங்கை பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவள். "மாமா, அது தப்பு, தேநீர்" என்று தடுத்துவிட்டாள். மாமாவுக்கு மனசில்லை. முப்பது வருஷம் இருந்த எழுத்தை எதற்கு மாற்ற வேண்டும் என்கிறார். நான் "டீக்கடை" என்றே போட்டுவிடலாம் என்கிறேன். அந்த வாசலில் நின்று "ஒரு தேநீர் கொடுங்கள்" என்று கேட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

கூடவே இன்னொரு கேள்வி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே முழுக்கக் காப்பித் தோட்டம். அங்கே வேலை முடித்து இறங்கி வருகிறவர்களும் மாமா கடையில் டீதான் கேட்கிறார்கள். காப்பி விளைகிற மலையின் காலடியில் டீ எப்படி இப்படி ஊன்றிக்கொண்டது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொல்லாய்வு

தங்கை சொன்னது சரி. தே + நீர் = தேநீர். தேனீர் என்று எழுதினால் தேனும் நீரும் சேர்ந்ததாகிவிடும். இந்தத் "தே"வுக்குத் தேனோடும் உறவில்லை, தேய்வதோடும் உறவில்லை. சீனத்தில் ஃபுஜியன் கரையோரம், அமோய் துறைமுகப் பக்கத்துப் பேச்சில் அந்தச் செடியின் பெயரே "தே". டச்சு வணிகர்கள் அந்த வழியாகச் சரக்கு எடுத்ததால் அந்தப் பெயர் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. ஆங்கிலேயர்களும் பழைய நாளில் "டே" என்றுதான் உச்சரித்தார்கள், பிறகுதான் அது "டீ" ஆனது. சீனத்தின் மற்ற பகுதிகளில் அதே செடிக்கு "சா". அது தரைவழியாகப் பாரசீகம் போய் "சாய்" ஆனது. போர்ச்சுகீசியர்கள் சீனக் கரையில் இருக்கும் மக்காவ் துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்ததால் அவர்களுக்கும் "சா".

ஆக தேயிலை, தேநீர், டீ மூன்றும் ஒரே சொல்லின் பிள்ளைகள். டீ என்று எழுதினால் தமிழ் குறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், தேநீரில் இருக்கும் "தே"யும் அதே கப்பலில் வந்ததுதான். பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், தேனீர் மட்டும் வேண்டாம்.

சங்ககிரி லாரி

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினேன். சொல்லாய்வு சொன்னதை நான் ரோட்டிலேயே கேட்டிருக்கிறேன். வாளையாறு தாண்டினால் சாயா. கர்நாடகத்தின் வட பக்கம் போகப் போக சஹா என்று காதில் விழும், மராட்டியத்திலும் சஹாதான். குஜராத்தில் வெறும் சா. வங்காளத்திலும் சா. இந்தி பேசுகிற ஊர்களில் சாய். தெலுங்கில் எழுத்துக்கு நம்மைப் போலவே தேநீரு என்ற சொல் உண்டு, கடையில் அவர்களும் டீ என்றுதான் கேட்கிறார்கள்.

எங்கள் தொழிலில் டீ என்றால் தூரம். "இன்னும் எவ்வளவு போகணும்?" என்று கேட்டால் "ரெண்டு டீ" என்போம், கேட்டவருக்குப் புரிந்துவிடும். ராத்திரி மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது கிளீனர் பையன் "அண்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்பான். வண்டியை ஓரங்கட்டுங்கள் என்பதற்கு அவன் மரியாதையாகச் சொல்கிற வார்த்தை அது. தூக்கம் வந்தது என்று எந்த டிரைவரும் முதலாளியிடம் ஒப்புக்கொள்ள மாட்டார், டீக்கு நின்றேன் என்பார். அந்தச் சொல் இல்லாவிட்டால் நாங்கள் பலர் நிற்காமலே ஓட்டியிருப்போம்.

மாமாவிடம் சொல்லுங்கள், "டீ" என்று பெரிதாகப் போடட்டும். இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் தூரத்திலிருந்து படிக்கக் கூடியது ஒற்றை எழுத்துதான்.

காப்பிக்காடு

நான் ஏற்காடு. அம்மா தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர். டீ ஊன்றிக்கொண்டது என்பதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் காலையில் வரக்காப்பிதான். உதிர்ந்த கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்து, சட்டியில் கருக வறுத்து, உரலில் இடித்து, வெல்லம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்போம். பால் கிடையாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை மலைக்குக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறோம். இருநூறு வருஷமாக வீட்டு வாசலிலேயே நிற்கிற செடியை எப்படி விடுவது?

ஆனால் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டால் டீதான். பத்து மணிக்குப் போசியில் வரும். கணக்கு எளிது. ஒரு ஆள் டீக்கு இரண்டு கிராம் தூள் போதும், காப்பிக்கு ஏழெட்டு கிராம் வேண்டும், டிக்காஷன் இறங்குகிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டும். நாற்பது பேர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது யார் காத்திருப்பது? அம்மா பறிக்கிற பழம் எடை போட்டு வண்டி ஏறிப் போய்விடும். அது பாக்கெட் தூளாகத் திரும்பி வரும்போது அதன் விலை எங்களுக்கு எட்டாது. பறித்த கைக்குக் கிடைக்கிற காப்பி அந்த உதிர்ந்த கொட்டை மட்டும்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

எங்கள் மலை ஏன் காப்பி மலையானது என்பதற்கு மழைதான் காரணம். காப்பிக்கு வருஷ ஆரம்பத்தில் ஒரு வறட்சி தேவை. அந்த வறட்சியில் மொட்டு உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல பூ மழை விழுந்தால் சில நாளில் காடு முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி வாசம் வீசும். தேயிலைக்கு இந்த வறட்சி ஆகாது. அது வருஷம் முழுக்கக் கொழுந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது, அங்கே அது செழிக்கிறது.

அடிவாரத்தான்

@காப்பிக்காடு, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி. உங்கள் கணக்கை மாமாவிடம் சொன்னேன். இப்போது கடையில் டீ 12 ரூபாய், காப்பி 15. "அந்த மூணு ரூபாதான் தம்பி எல்லாம்" என்றார். அவர் வாங்குவது டஸ்ட் தூள். 1930களில் அசாமில் வந்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிவிடும். அதில் கிடைக்கிற குறுணையும் பொடியும் சீக்கிரம் சாயம் இறங்கும், பால் எவ்வளவு ஊற்றினாலும் தாங்கும். டஸ்ட் என்றால் தரையில் கூட்டி எடுத்தது என்று சில பேர் இன்னும் நம்புகிறார்கள். தப்பு, அது சலிக்கும்போது பிரிக்கிற அளவின் பெயர்.

பாட்டி காலத்துப் பேச்சும் ஒன்று ஞாபகம் வருகிறது. அவர் டீ, காப்பி, சுக்கு போட்டது எதுவானாலும் "காப்பித்தண்ணி" என்றுதான் சொல்வார். "காப்பித்தண்ணி குடிச்சீங்களா கண்ணு?" என்பார், கையில் இருப்பது டீயாக இருக்கும்.

அம்மாபேட்டை தறி

எங்கள் வீட்டில் குழித்தறி. அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றுவார். தறி நின்றால் கூலி நிற்கும், அதனால் டீ எங்களைத் தேடி வரும். எட்டு கிளாஸ் நிற்கிற கம்பித் தூக்கை எடுத்துக்கொண்டு கடைப் பையன் சந்துக்குள் நுழைந்தால் வாசலில் அவன் செருப்புச் சத்தமே போதும், ஒவ்வொரு தறியாக ஓயும். சந்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் பேச்சு கேட்கும். கணக்கு நோட்டில் ஏறும், சனிக்கிழமை கூலி வந்ததும் அடைப்போம். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கினால் அன்றைக்கு வேலை நன்றாக ஓடியது என்று அர்த்தம்.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மா நாற்பது வருஷம் குடித்த டீ எல்லாம் அந்த ஒரே கடையில் போட்டது. வீட்டிலிருந்து ஐம்பது அடி இருக்கும். அந்தப் பெஞ்சில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. டீக்கடையில்தான் ஊர்ச் சேதி பேசுகிறார்கள், டீக்கடையில்தான் அரசியல் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அம்மா கதவோரம் நின்று கிளாஸைத் திருப்பிக் கொடுத்தது கண்ணில் வருகிறது. உங்கள் மாமா பலகையோடு ஒரு பெஞ்சும் செய்தால், மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் உட்கார்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

சொல்லாய்வு

பெஞ்சுக்கு நானும் ஒரு ஓட்டு.

சங்ககிரி லாரி எழுதியதில் "டீ சொல்லட்டுமா" என்பதைப் பிடித்துக்கொண்டேன். டீ எடுத்துக்கொள்கிற வினைகளைக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் டீ "வைக்கிறோம்", "போடுகிறோம்". மாஸ்டர் "ஆற்றுகிறார்". பசங்க "அடிக்கிறார்கள்". பெரியவர்கள் "சாப்பிடுகிறார்கள்". பால் குடிக்கிறோம், மோர் குடிக்கிறோம், டீயையோ "சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறோம், அதாவது விருந்தின் வினையை அதற்குக் கொடுத்திருக்கிறோம்.

"டீ சொல்லியாச்சு" என்பது இதில் தனி. அதைக் கேட்ட பிறகு எழுந்து போக முடியாது. வந்தவரை இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று கெஞ்சாமல் உட்கார வைக்க இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. "ஒரு வாய் டீ கூடக் குடிக்கலை" என்றால் அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏதோ முறிந்திருக்கிறது. "டீ செலவுக்குக் கொடுங்க" என்றால் கூலிக்கு மேல் ஒன்று கேட்கிறார்கள். சில மேசைகளில் அதே சொல் லஞ்சத்துக்கும் ஆகிவிட்டது, அது வேதனை.

அம்மாபேட்டை தறி

இந்தப் பட்டியலில் துக்க வீட்டையும் சேர்க்க வேண்டும். அப்பா இறந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தூக்குச்சட்டியில் டீ கொண்டுவந்தார். அம்மா வேண்டாம் வேண்டாம் என்றார். "குடிங்க அக்கா, அழறதுக்காவது தெம்பு வேணும்" என்று டம்ளரை வாயருகே பிடித்தார். அம்மா குடித்தார். அந்த வீட்டோடு ஒரு சுவர்த் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆத்தூர் பேரன்

எல்லோரும் எழுதியதை ஆசையாகப் படித்தேன். நான் எழுதப் போவது வேறு, ஆனால் இதுவும் டீயின் கதைதான்.

என் தாத்தா விவசாயக் கூலி. அவர் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். கூரை விட்டத்தில் சொருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, நாமே கழுவி, குடித்துவிட்டு மறுபடி கழுவிச் சொருக வேண்டும். அதற்கும் முந்தி அவர் அப்பாவுக்குக் கொட்டாங்குச்சி. டீயை மேலிருந்து ஊற்றுவார்கள், கை படக் கூடாது. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955லேயே வந்துவிட்டது. தாத்தா இதை அனுபவித்தது அதற்குப் பிறகு. இரட்டைக் குவளை என்று பேப்பரில் படிக்கும்போது அது ஒரு சொல். எங்கள் வீட்டில் அது தாத்தாவின் பழக்கம். டவுனுக்கு வந்து எல்லோரோடும் ஒரே கடையில் குடிக்கத் தொடங்கிய பிறகும், குடித்து முடித்ததும் கிளாஸைக் கழுவக் குழாயைத் தேடுவார். "வெச்சுட்டு வாங்க தாத்தா" என்று நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

காகிதக் கப் வந்தபோது எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு கடையில், எங்களுக்கு மட்டும் காகிதக் கப்பும் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸும் வருவதைப் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம்.

பலகையில் என்ன எழுதினாலும் சரிங்க. உள்ளே எல்லோருக்கும் ஒரே கிளாஸ் இருக்கட்டும்.

அடிவாரத்தான்

இதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பத்து வயதில் அவர் வேலை கற்ற கடை வேறு ஊரில் இருந்தது. அங்கே தனி கிளாஸ் உண்டாம், அதைத் தண்ணீர் படாத பக்கம் கவிழ்த்து வைப்பது அவர் வேலையாம். எங்கள் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. "நம்ம கடையில முதல் நாளே அது இல்லைன்னு வெச்சேன். அவர்கிட்ட சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன், @ஆத்தூர் பேரன்.

கோத்தகிரி கொழுந்து

தாமதமாக வருகிறேன். நாங்கள் இப்போது கோத்தகிரி, ஆனால் பூர்வீகம் சேலம் ஜில்லா. கொள்ளுத்தாத்தா காலத்தில் கங்காணி கூட்டிப் போய் இலங்கையில் தோட்ட வேலை. அங்கேயும் முதலில் காப்பிதான். 1869இல் இலைத் துரு நோய் வந்தது, அதற்கடுத்த வருஷங்களில் காப்பி மொத்தமும் அழிந்து அதே மலைகளில் தேயிலை நட்டார்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம்தான் பின்னால் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. பாட்டி அங்கே பறித்தார், அம்மாவும் பறித்தார்.

பாட்டி டீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. "தேத்தண்ணி" என்பார். பால் இல்லாவிட்டால் "வெறுந்தேத்தண்ணி". உள்ளங்கையில் சீனியை வைத்து ஒரு நக்கு, ஒரு மிடறு. நீலகிரிக்கு வந்து இத்தனை வருஷம் கழித்தும் கடைக்காரர்கள் அந்த ஒரு சொல்லை வைத்தே "சிலோன்காரங்களா?" என்று கேட்பார்கள். சில பேர் அன்பாகக் கேட்டார்கள், சில பேர் அப்படிக் கேட்கவில்லை. அம்மா அதனாலேயே டீ என்று மாற்றிக்கொண்டார். நான் இப்போது என் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே தேத்தண்ணி என்கிறேன்.

@காப்பிக்காடு, உதிர்ந்த கொட்டை என்று எழுதினீர்களே, அதில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இரண்டு இலை ஒரு கொழுந்து என்று பார்த்துப் பார்த்துப் பறித்தது ஏலத்துக்குப் போகும். வீட்டில் கொதிக்கிறது கடையில் வாங்கிய தூள்.

லீபஜார்

பேச்சு ஆழமாகப் போய்விட்டது, நான் ஒரு நடைமுறை விஷயம் மட்டும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து பார்சல் டீயை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தடைதான். ஆனாலும் பல இடத்தில் ஓடுகிறது. எங்கள் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் விடியக்காலையில் பழையபடி தூக்குச்சட்டி கொண்டுவருகிறார்கள். கொதிக்கிற டீ பிளாஸ்டிக் பையில் ஆடி ஆடி வந்ததை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. உங்கள் மாமா "தூக்கு கொண்டுவந்தால் பார்சல் உண்டு" என்று பலகையின் கீழே ஒரு வரி போடலாம்.

குகை மாரி

தேனீருக்காக யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். இலக்கணப்படி தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேலத்தில் பாதிப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது. எழுதியவர்கள் தெரியாமல் எழுதினார்களா, இல்லை அதைக் குடித்தபோது அவர்களுக்குத் தேன்தான் தோன்றியதா? என் அப்பா தள்ளுவண்டியில் "தேனீர்" என்று அவரே எழுதினார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. அந்த எழுத்தைத் திருத்த எனக்குக் கை வரவில்லை, வண்டி இன்னும் வீட்டில் இருக்கிறது.

சொல்லாய்வு

@குகை மாரி, அந்த வண்டியைத் திருத்த வேண்டாம். மேலே "தேனீர் மட்டும் வேண்டாம்" என்று நான் அடித்துச் சொன்னது பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற புதுப் பலகைக்காக. உங்கள் அப்பா எழுதியது அவருடையது.

அடிவாரத்தான்

பலகை நேற்று மாட்டியாச்சு. மஞ்சள் பின்னணியில், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி ஒற்றை எழுத்து: டீ. அதற்குக் கீழே சின்னதாக "தேநீர் நிலையம்", தங்கையே நின்று சரிபார்த்தாள். பழைய பலகையில் உளுக்காத துண்டு ஒன்று மிச்சமிருந்தது, "தேனீ" வரைக்கும் இருக்கிறது. மாமா அதைப் பாய்லருக்குப் பின்னால் ஆணி அடித்து வைத்துக்கொண்டார். தூக்கு வரியும் போட்டாச்சு. மெனுவில் புதிதாக வரக்காப்பி சேர்த்திருக்கிறார், மலைவீடு ஒன்றில் இடித்த தூள், வெல்லம் போட்டது, பத்து ரூபாய்.

பெஞ்சு இன்னும் வரவில்லை. ஆசாரி வெள்ளிக்கிழமை என்றார். சுவரோரம், வெயில் படாத பக்கம் போடச் சொல்லியிருக்கிறோம். நாலு பேர் உட்காரலாம்.

சங்ககிரி லாரி

அடுத்த வாரம் ஏற்காட்டுக்கு ஒரு வேலையாக வருகிறேன். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

அடிவாரத்தான்

நாலரைக்குப் பாய்லர் பற்ற வைப்பார். ஐந்துக்குள் வந்தால் மாமாவே ஆற்றுவார், அதற்கப்புறம் நான். வாங்கண்ணா, டீ சொல்லி வைக்கிறேன்.